யானைப் படம் ஒட்டிய புத்தகங்கள்

மாலை வகுப்பு ஆசிரியை:

செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள். அன்றைக்குப் பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் நம் பழைய புத்தகக் கடையைத் திறக்கிறோம். பத்தடிக்குப் பதினெட்டடி அறை, முன்பு அரிசிக் கடையாக இருந்தது. இன்னும் மூலைகளில் தவிட்டு வாசனை போகவில்லை. புத்தகம் சேர்க்க அலைந்த இந்த ஆறு மாதங்களில் நம் ஒவ்வொருவருக்கும் யாரையோ சந்தித்த கதை இருக்கிறது. திறப்பு வேலையில் மறந்துபோவதற்குள் எழுதிவிடுங்கள். முதலில் நான்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் என் செவ்வாய், வியாழன் வகுப்பில் ஓர் அக்கா இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. புளியந்தோப்பில் வீட்டு வாசலிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். வகுப்பில் சேர வந்த அன்று தன் அளவு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். மார்பு, தோள், கை நீளம் எல்லாம் எண்களில் சுத்தமாக இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் படங்கள். ஒரு பக்கத்தில் குடை, அடுத்ததில் பூட்டு, இன்னொன்றில் இரண்டு கோழிக்குஞ்சுகள். குடை, அடைமழையில் முதன்முதலாகத் துணி கொண்டுவந்தவர். பூட்டு, பீரோ பழுதுபார்ப்பவரின் மனைவி. கோழிக்குஞ்சுகள், இரட்டைப் பிள்ளை பெற்ற பெண். முப்பது வருடங்களாக ஒரு ரவிக்கைகூட ஆள் மாறிப் போனதில்லை என்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஐந்தில் ஒருவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நோட்டுத்தான் கண்முன் வருகிறது.

ஒன்றரை வருடத்தில் பாடநூலை முடித்துவிட்டார். அடுத்து எதைப் படிப்பது? இந்தக் கேள்விக்குத்தான் நாம் கடை திறக்கிறோம் என்று நான் நினைக்கிறேன். தொண்ணூறுகளில் நான் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவள். அரிக்கேன் விளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள், வீட்டில் படிக்க ஒரு தாளும் இல்லாமல் இரண்டே வருடங்களில் மறுபடி கைநாட்டு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் என்னோடு இருக்கிறது.

ஏப்ரலில் ஒரு நாள், வந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்க அந்த அக்காவும் உதவிக்கு வந்தார். காலிகோ அட்டை போட்ட பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். ‘வீட்டுத் திண்’ என்று வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். விரல் அடுத்த எழுத்தின் மேல் அப்படியே இருந்தது. கண் கலங்கியது. ‘எனக்கு மறந்துவிட்டது, அம்மா’ என்றார்.

எட்டிப் பார்த்தேன். ‘திண்ணை’. அதில் இருந்தது பழைய ணை, தும்பிக்கையைத் தூக்கிய யானை மாதிரி வளைந்த எழுத்து. சிறு வயதிலிருந்தே இரண்டு வடிவத்தையும் படித்துப் பழகிய எனக்கு அது வேறு எழுத்து என்பதே உறைக்கவில்லை. இருபத்தைந்து வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன், ஒரு நாளும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. மூலையில் உட்கார்ந்து பைண்டிங் பார்த்துக்கொண்டிருந்த அச்சுக்கோப்பாளர் ஐயாதான் எழுந்து வந்தார். மீதியை அவரே எழுதட்டும்.

கடைக்கு வேறொரு காரணமும் உண்டு. புத்தகங்களைச் சும்மாவே கொடுத்துவிடலாமே, எதற்காகக் கடை என்று பலர் கேட்டார்கள். அந்த அக்கா ஒரு புத்தகத்தைத் தனியாக எடுத்துவைத்தபோது நானும் ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் சொன்னேன். அவர் வாங்கவில்லை. மறுநாள் சுருக்குப்பையோடு வந்தார். ‘விலை சொல்லுங்கள். காசு கொடுத்தால்தான் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.’ அன்றுதான் விலைப்பட்டியல் போடத் தொடங்கினோம்.

வண்டி எடுத்துப் போகும் தம்பி:

எனக்கு அழகாக எழுத வராது, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். புத்தகம் தருகிறோம் என்று அழைப்பவர்கள் நல்ல மனத்தோடுதான் அழைக்கிறார்கள். ஆனாலும் பாதிப் பெட்டிகளில் வருவது பழைய நுழைவுத்தேர்வுக் கையேடுகள், விடை எழுதி முடித்த பயிற்சி நோட்டுகள், பழைய பாடநூல்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018 முதல் மாறிவிட்டன. அதற்கு முந்தையதை எந்தப் பிள்ளையும் வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது. மூன்று மாடி இறக்கிய பிறகு அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு எடுத்துப்போகும்போது மனம் விட்டுப்போகிறது. அந்தப் பேப்பர் கடை அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எடைக்கு வருகிற மூட்டைகளில் தமிழ்க் கதைப் புத்தகம் இருந்தால் தனியே எடுத்து வைத்து, வாங்கிய கிலோ விலைக்கே நமக்குத் தருகிறார். நாம் கேட்டதில்லை. அவராகவே தொடங்கியது.

நான் எழுத வந்தது மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டைப் பற்றி. அப்பா தவறிவிட்டார், வீட்டை விற்றாகிவிட்டது, சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகன் போனில் சொன்னார். போனேன். இரண்டு பீரோ நிறையப் புத்தகம். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் மசியால் பெயர், வாங்கிய இடம், தேதி, விலை. பாதிக்கு மேல் ‘மூர் மார்க்கெட்’ என்றே இருந்தது. ஒன்றில் ‘1962, ஒன்றேகால் ரூபாய், அரை ரூபாய் குறைத்தான்’ என்று எழுதியிருந்தது.

அந்த வீட்டு அம்மா வாசற்படியில் உட்கார்ந்து நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். ‘பெயர் எழுதிய பக்கத்தைக் கிழிக்காதே, தம்பி.’ கிழிக்க மாட்டோம் என்றேன். பிறகு ஒவ்வொரு கட்டாக நான் தூக்கும்போது, இது ரங்கூனுக்குப் போன அண்ணன் தம்பி கதை, இது அந்த வக்கீல் வீட்டுக் கதை என்று புத்தகத்தின் முதுகைப் பார்த்தே சொன்னார். இவ்வளவும் படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ‘எனக்கு எழுத்துத் தெரியாதே’ என்றார். ஐம்பது வருடங்களாகத் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கணவர் படிக்க, இவர் கேட்டிருக்கிறார். அட்டையின் நிறமும் தடிமனும்தான் அவருக்கு அடையாளம்.

ஒரு புத்தகத்தை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. 212ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் வைத்திருந்தது. அதோடு படிப்பு நின்றுவிட்டது. நான் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றார். இரண்டு வாரம் கழித்து, மகன் வீட்டிலிருந்து அழைத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். நேற்று 268 வரை வந்திருக்கிறோம். நான் வேகமாகப் படித்தால் ‘அவர் இங்கே நிறுத்துவார்’ என்று சொல்கிறார். நானும் நிறுத்துகிறேன்.

அச்சுக்கோப்பாளர்:

முப்பத்தொரு வருடங்கள் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் கையால் எழுத்துக் கோத்தவன். ஆசிரியை அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

பழைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தும்பிக்கை போட்டவை. ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். அவற்றோடு ஒகர, ஓகார வரிசையில் வருகிற ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. மொத்தம் பதின்மூன்று. இவற்றையும் மற்ற எழுத்துகளைப் போலவே எழுதும் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையாக ஏற்றது. ஆணை வந்த மறுநாளே எழுத்து மாறிவிடவில்லை. பழைய லை எங்கள் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், தனி அறையில் கிடக்கும் ஒரே ஈயத்துண்டு. அந்த ஈயத்துக்கு முதலாளி காசு கொடுத்திருக்கிறார். தேயும்வரை ஓட்டுவார்கள். அதனால் எண்பதுகளில் வந்த புத்தகத்திலும் தும்பிக்கை இருக்கலாம். ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று அடுக்குகிற பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குச் சிலேட்டில் பதின்மூன்றையும் எழுதிக் காட்டினேன். அந்தம்மா ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். ‘இது தெரியாமல் வாங்கிப்போனால் என்னைப் போலத்தான் நிற்பார்கள். இப்படிப்பட்ட புத்தகத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும்’ என்று அவரேதான் சொன்னார். பென்சிலை வாங்கி, தும்பிக்கை தூக்கிய யானை ஒன்றை நான்கே கோட்டில் வரைந்தார். அதைத்தான் வட்டமான ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கிறோம். பழைய எழுத்துள்ள ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் யானை இருக்கும். வாங்குபவருக்குப் பதின்மூன்று எழுத்துகளும் அச்சிட்ட ஒரு சீட்டு உள்ளே வைத்துத் தருவோம்.

எழுத்தின் அளவும் முக்கியம். புதிதாகப் படிப்பவருக்குப் பதினான்கு பாயிண்டுக்குக் குறைந்தால் கண் வலிக்கும், மனமும் விட்டுப்போகும். ஒரு கண்ணாடித்தாளில் அளவுகளை வரைந்து வைத்திருக்கிறேன். பக்கத்தின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். பதினான்கும் அதற்கு மேலும் உள்ளவை கண் உயரத் தட்டில். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. தையல் பைண்டிங் இன்னும் அசையவில்லை, கையில் எடுத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

தம்பி எழுதிய அந்த ‘மூர் மார்க்கெட் 1962’ புத்தகத்தை நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். என்னையும் என் அப்பா அங்கேதான் கூட்டிப்போவார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டடம், 1900இல் திறந்தது. 1985 மே மாதம் எரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீரில் ஊறிய சாம்பல், நடுவில் ஓரம் கருகிய பக்கங்கள். அதற்குப் பிறகு வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நானும் போவேன், வாங்குவேன். ஆனால் அப்பா பேரம் பேசிய இடம் அது இல்லையே.

கணக்கு பார்ப்பவர்:

என் பங்கு சுருக்கமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து என் புத்தகங்களே போயின. சாதாரணத் தாளில் இருந்தவற்றை நிழலில், மின்விசிறிக்கு அடியில் விரித்துவைத்துப் பாதியைக் காப்பாற்றினேன். வழவழப்புத் தாளில் இருந்தவை பாளமாக ஒட்டிக்கொண்டன, ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் கடையில் கீழ்த்தட்டு தரையிலிருந்து இரண்டடி உயரம் இருக்க வேண்டும் என்று அவ்வளவு சண்டை போட்டேன். கோபித்துக்கொண்டவர்கள் ஐப்பசியில் என்னை மன்னித்துவிடுவார்கள்.

புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் கடை வரவுக்கும் நன்கொடைக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். கல்லாவில் வருவது வாடகைக்கும் வகுப்பு நோட்டு, பென்சிலுக்கும் போகும். இன்னொன்று: 1930க்கு முந்தைய புத்தகம் எது வந்தாலும் தயவுசெய்து விலை எழுதாதீர்கள். என் மேஜையில் வைத்துவிடுங்கள். தரமணியில் பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்துக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே விசாரித்த பிறகுதான் தட்டில் வைக்க வேண்டும். போன மாதம் தலைப்புப் பக்கம் இல்லாத ஒரு சமையல் நூலைப் பத்து ரூபாய்க்குப் போட இருந்தோம். அதில் படி, ஆழாக்கு, வராகனெடை என்றுதான் அளவுகள். நல்லவேளை, பார்த்தேன்.

தையல்கார அக்கா:

வணக்கம். இதை நானே எழுதுகிறேன். இரண்டு நாள் ஆயிற்று.

ஆசிரியை அம்மா எழுதியதில் ஒன்று சரியில்லை. அன்றைக்கு நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. எல்லா எழுத்தும் முடிந்தது என்று சொன்னார்கள். பிறகு பார்த்தால் இன்னும் பதின்மூன்று இருக்கிறது.

அளவு நோட்டில் இப்போது பெயர் எழுதுகிறேன். பழைய படங்களை அழிக்கவில்லை. குடைக்காரம்மா தன் படம் இருக்கட்டும் என்று சொன்னார்.

நான் வாங்கியது தையல் புத்தகம். யானை ஒட்டியது. விலை 30 ரூபாய். முதல் பக்கத்தில் யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நானும் எழுதினேன். அளவெல்லாம் அங்குலத்தில் இருக்கிறது. என் டேப்பிலும் அங்குலம் இருக்கிறது. 41ஆம் பக்கத்தில் ரவிக்கைக் கை வெட்டும் படம் தவறு. அப்படி வெட்டினால் அக்குளில் பிடிக்கும். எப்படி வெட்ட வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.