புதுப்பிப்பு: கிளிநொச்சி அறையில் டிரம்ஸ் பதிவு, நேரடியா சாம்பிளா?

தகரக் கூரை அறையில் நான்கு மைக்குகளுடன் டிரம்ஸை நேரடியாகப் பதிவதா, ட்ரிகர் (அடியைக் கண்டறிந்து வேறொலியை இயக்கும் வசதி) மூலம் சாம்பிளுக்கு (முன்பே பதிந்துவைத்த டிரம் ஒலிக்கு) மாற்றுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் முழுவதையும் சாம்பிளாக மாற்றினேன். ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) மைக்கில் கசிந்த ஹைஹாட் (இரட்டைத் தட்டு) ஒலியே ட்ரிகரை இயக்கியது. உணர்திறனைக் குறைத்தால் மெல்லிய அடிகள் காணாமற்போயின. தம்பியின் வாசிப்புக்கு உயிரே அவைதான். கைவிட்டேன்.

பலித்தது, மேலே தொங்கும் இரண்டு மைக்குகளையும் ஸ்னேரிலிருந்து சம தூரத்தில் வைக்கச் சொன்ன அண்ணாவின் யோசனை. கயிற்றால் அளந்தேன். கூரைக்குக் கீழே மெத்தைகளும் கட்டினோம். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மட்டும் சாம்பிள் சேர்த்தேன்.

எதிர்பாராதது: சேர்த்ததும் கிக் மெலிந்துவிட்டது! நேரடிப் பதிவின் அலையும் சாம்பிளின் அலையும் எதிரெதிராக இருந்திருக்கின்றன. சாம்பிளின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழ்த் திசையை, திருப்பியதும் அடி நெஞ்சில் விழுந்தது. மழை பெய்தால் மட்டும் பதிவு நிற்கும்; தகரம் தானே வாசிக்கத் தொடங்கிவிடுகிறது.