மறு: ‘ஜெயில் பாப்புலேஷன்’ என்பதற்குத் தமிழ்: சிறைத்தொகையா, நாளிருப்பா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கச் சிறைக் கணக்குகளைத் தமிழில் எழுதும்போது ‘ஜெயில் பாப்புலேஷன்’, அதாவது சிறையில் இருப்போரின் எண்ணிக்கை, என்பதை எப்படிச் சொல்வது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘சிறை மக்கள்தொகை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பாப்புலேஷன் என்றால் மக்கள்தொகைதானே?

வேண்டாம் என்பேன். மக்கள்தொகை என்றதும் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து எடுக்கிற கணக்குதான் நினைவுக்கு வரும். மெல்ல நகர்கிற எண் அது. அமெரிக்கக் கவுண்டிச் சிறையின் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சிப் பிரிவு) எண் அப்படியா? அந்நாட்டு நீதித் துறையின் புள்ளியியல் பிரிவு வெளியிட்ட 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஜூன் கடைசியில் ஒருநாள் எண்ணியபோது நாடு முழுக்க உள்ளூர்ச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 6,63,000 பேர். அந்த ஓராண்டில் உள்ளே வந்த கணக்கு சுமார் 73 லட்சம். பதினொரு மடங்கு! சராசரியாக ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான தங்கல், அவ்வளவுதான். சிலர் சில மணி நேரத்தில் பிணையில் போய்விடுவார்கள், சிலர் வழக்கு முடியாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பார்கள். இன்னொன்று, அந்த 73 லட்சம் ஆள் கணக்கே அல்ல. ஒரே ஆள் மூன்று முறை பிடிபட்டால் மூன்று என்று விழும். இந்த இரண்டு எண்களையும் ‘சிறை மக்கள்தொகை’ என்ற ஒரே பெயரில் போட்டால் படிக்கிறவர் என்ன செய்வார்?

> சிறைத்தொகை சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் ‘பிணைத்தொகை கட்ட முடியாதவர்களால் சிறைத்தொகை கூடியது’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டுமே பணம் என்று தோன்றும். அங்கே பல கவுண்டிகள் சிறையில் தங்கியதற்கே நாளுக்கு இவ்வளவு என்று கைதியிடம் வசூலிக்கின்றன. சிறைத்தொகை என்ற சொல் அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது, அதற்கே விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு ‘இருப்பு’. மேட்டூர் அணைச் செய்தியை நாம் எல்லோரும் தினமும் படிக்கிறோம்: நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு, நீர் இருப்பு இவ்வளவு. வரத்தை இருப்பு என்று யாரும் குழப்பிக்கொள்வதில்லை. சிறைக் கணக்கிலும் இந்த மூன்றும்தான். எனவே உள்வரவு, விடுவிப்பு, இருப்பு. ஒரு குறிப்பிட்ட நாளின் எண் ‘நாளிருப்பு’. எல்லா நாள்களின் நாளிருப்பையும் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ‘சராசரி நாளிருப்பு’.

மனிதர்களைக் கிடங்குச் சரக்குபோல இருப்பு என்று சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் உள்ளிருப்புப் போராட்டம் என்கிறோமே, அதில் இருப்பது மனிதர்கள்தானே. சிறையிருப்பு என்பதும் பழைய சொல். வேதாகமத் தமிழில் பழகியவர்களுக்கு அது பாபிலோனை நினைவூட்டும். அதனால்தான் சிறையிருப்பு என்றே வைக்காமல் நாளிருப்பு என்கிறேன். ஆள்களைச் சொல்லும்போது ‘சிறையிலிருப்போர்’ என்று எழுதினால் உறுத்தலும் போய்விடும்.

நாளிருப்பையும் சராசரி நாளிருப்பையும் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். டெக்சாஸில் 1975இல் சட்டமன்றம் உருவாக்கிய சிறைத் தர ஆணையம், மாதத்தின் முதல் தேதி நிலவரத்தைக் கவுண்டிவாரியாக வெளியிடுகிறது. கலிஃபோர்னியாவின் மாநில, சமூகச் சீர்திருத்த வாரியம் மாதச் சராசரியை வாங்கி வெளியிடுகிறது. முன்னது நாளிருப்பு, பின்னது சராசரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பு. டெக்சாஸ் விதிப்படி 48 கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும். சராசரியை வைத்துக்கொண்டு ஆள் போட்டால் கூட்டம் பிதுங்கும் வாரக்கடைசியில் காவலர் போதாது. மாதம் முழுக்க எண் ஒழுங்காகத்தான் தெரியும்! கொரோனா காலத்தில் இதன் மறுபக்கம். 2019 நடுவில் 7,34,500 ஆக இருந்த தேசிய நாளிருப்பு 2020 நடுவில் 5,49,100 ஆனது. அந்த ஓராண்டுச் சராசரியை மட்டும் பார்த்தவருக்குச் சரிவின் பாதிகூடத் தெரிந்திருக்காது. முன்பாதி மாதங்கள் எண்ணைத் தூக்கிப் பிடித்துவிடும்.

மற்ற சொற்களைச் சட்டென்று முடித்துவிடலாம். கவுண்டி, கவுண்டியாகவே இருக்கட்டும். மாவட்டச் சிறை என்றால் நம் ஊரில் அது வேறு. அங்கே பெரும்பாலான இடங்களில் சிறையை நடத்துபவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஷெரீஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர். நம் ஆட்சியர் கணக்கு அதற்கு ஒத்துவராது. தீர்ப்புக்கு முன் அடைக்கப்பட்டவர்களுக்கு ‘தீர்ப்புமுன் தடுப்புறுநர்’ என்று ஒரு முன்மொழிவு வந்தது. தயவுசெய்து வேண்டாம். விசாரணைக் கைதி என்று நம் பத்திரிகைகள் எத்தனையோ காலமாக எழுதுகின்றன. அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளில் பத்தில் ஏழு பேர் இவர்கள்தான், ஆகவே அடிக்கடி வரப்போகும் சொல். வாய்க்கு எளிதாக இருக்க வேண்டும். கெப்பாசிட்டி என்பதற்குக் கொள்ளளவு, எல்லோரும் ஏற்றது.

ஓவர்சைட் என்பதற்குக் கண்காணிப்பு என்று பலர் எழுதிவிட்டீர்கள். சிறை என்று வரும்போது இது சிக்கல். தமிழ்நாட்டில் சிறைக் கண்காணிப்பாளர் என்பவர் சிறையை நடத்தும் அதிகாரி. இங்கே நாம் சொல்ல வருவது அந்த அதிகாரியை வெளியிலிருந்து ஒருவர் கேள்வி கேட்பது. ‘வெளி மேற்பார்வை’ என்றால் அது தெளிவாகிறது. மேலாய்வு என்றும் யோசித்தேன், ஆனால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவதுபோல ஒலிக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி, இடப் பற்றாக்குறையால் தன் கைதிகளில் ஒரு பகுதியைப் பக்கத்து மாநிலமான லூசியானா வரை அனுப்பியிருக்கிறது. அவர்கள் ஹாரிஸ் கட்டடத்தில் இல்லை, ஆனால் ஹாரிஸின் பொறுப்பு. கட்டடத்தில் தலை எண்ணினால் கூட்டம் குறைந்ததுபோலத் தெரியும். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும்: ‘கட்டட இருப்பு’, ‘பொறுப்பு இருப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இரண்டாவது கேட்க நன்றாக இல்லை. வெளியூருக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ‘அயலடைப்பு’ என்று ஒரு தனிச் சொல் செய்து கழித்துக்கொள்ளலாமா, அல்லது பொறுப்பை வேறு விதமாகச் சொல்லலாமா? இலங்கை நண்பர்கள் அங்குள்ள வழக்கையும் சொன்னால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்.