டர்போ லேக்: ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

கடலூரிலிருந்து:

ஐயா, வணக்கம். புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் உடனே எழாமல் தாமதிப்பதே ‘டர்போ லேக்’. அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘சுழலித் தாமதம்’ ரயில் வரத் தாமதம் மாதிரி ஒலிக்கிறது. மிதித்ததும் என்ஜின் மந்தமாகக் கிடந்து, பிறகு எழுவதற்குச் ‘சுணக்கம்’ என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது.

ஆனால் சிக்கல் அதைவிடப் பெரியது. இரண்டு வேறு சங்கதிகளை ‘லேக்’ என்ற ஒரே பெயரில் அடைக்கிறோம். அரியாங்குப்பம் நெரிசலில் பஸ்ஸுக்குப் பின்னால் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஊர்ந்து, வழி கிடைத்ததும் மிதித்தால் டீசல் கார் இழுக்காது. அது லேக் அல்ல. அந்தச் சுற்றில் டர்போவின் சக்கரமான டர்பைனைச் சுழற்றும் அளவுக்குப் புகை வருவதில்லை. சுற்று ஏறாமல் அழுத்தம் ஏறாது. அழுத்தம் (பூஸ்ட்) எழத் தேவையான குறைந்தபட்சச் சுற்றுதான் ‘பூஸ்ட் த்ரெஷோல்ட்’. 3,000 சுற்றில் பாதி மிதியில் ஓடும்போது முழுதாக மிதித்து, பூஸ்ட் மீட்டர் முள் எழும்வரை ஆகும் நேரம்தான் லேக்.

அபூர்வ செடான்களை ஒப்பிடும்போதும் இது முக்கியம். 1990–92இல் வெறும் 950 மட்டுமே தயாரான லோட்டஸ் கார்ல்டனின் 3.6 லிட்டர் என்ஜினில் பெரிய டர்போ ஒன்றுக்குப் பதில் காரெட் டி25 என்ற சிறிய டர்போ இரண்டு. சக்கரம் சிறிது, எடை குறைவு, சட்டென்று வேகம் பிடிக்கும். போட்டியான பிஎம்டபிள்யூ இ34 எம்5இல் டர்போவே இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் த்ராட்டில், அதாவது காற்றை விடும் அடைப்பு. லோட்டஸுக்கு 382 பிஎஸ் (குதிரைத்திறன்), எம்5க்கு 315 பிஎஸ் என்று மட்டும் எழுதினால், மிதித்த கணமே எம்5 எழுவது பட்டியலில் தெரியாது.

புதுச்சேரியிலிருந்து:

சுணக்கம் எனக்குச் சம்மதம். பிரெஞ்சில் இதைத் ‘தான் த ரெபோன்ஸ்’, அதாவது மறுமொழி நேரம் என்பார்கள். அது அளவின் பெயர். குறை என்ற உணர்வு அதில் இல்லை. உங்கள் சொல்லில் இருக்கிறது.

த்ரெஷோல்டுக்கு ‘ஊக்க வாசல்’ என்று முதலில் நினைத்தேன். வாசல் இடத்தைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது சுற்று எண்ணிக்கை. ‘எழுசுற்று’ சரியா? எழுஞாயிறு போல வினைத்தொகை, வல்லினம் மிகாது.

ஒர்க்‌ஷாப்புக்கும் உதவும். ‘பிக்கப் லேட்’ என்று ஜாப் கார்டில் எழுதினால் ஒன்றும் விளங்காது. ‘எழுசுற்று 1,800இலிருந்து 2,300 ஆனது’ என்று எழுதினால், முதலில் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்று கசிகிறதா, அடுத்து டர்போவில் புகையைத் திருப்பிவிடும் இதழ்களான வேன்கள் கரி பிடித்து விரிந்தபடியே சிக்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கசிவு இருந்தால் சுணக்கமும் கூடும் என்பதால் இரண்டையும் அளந்தே எழுத வேண்டும்: சுணக்கம் நொடியில், எழுசுற்று நிமிடச் சுற்றில், எந்தக் கியர் என்பதோடு.