டிராவலர் வண்டியை கேம்பர் ஆக்குறோம்: பேட்டரி, கேஸ், டிவி எப்படி அமைக்கிறது?

கோவை_ஊர்சுத்தி:

வணக்கமுங்க. கரூர்ல பாடி கட்டின பழைய டிராவலர் வண்டியைக் குடும்பத்தோட தங்குற மாதிரி மாத்திட்டு இருக்கோம். கட்டில், அலமாரி முடிஞ்சுது. நாலு பேர், வால்பாறை, ஊட்டி, கொல்லிமலைன்னு ரெண்டு மூணு நாள் பயணம்தான். 40 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், ரெண்டு ஃபேன், எல்இடி லைட், 24 இன்ச் டிவி, சவுண்ட்பார், ஃபோன், லேப்டாப், சட்னிக்கு 750 வாட் மிக்சி. 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியோட கொள்ளளவு) லித்தியம் பேட்டரி போதும், ஆல்டர்னேட்டர்ல இருந்து நேரா ஒயர் இழுத்தா சார்ஜ் ஆயிடும்னு கடையில சொல்றாங்க. வீட்டு சிலிண்டரையே பின்கட்டிலுக்கு அடியில, பேட்டரிக்குப் பக்கத்துல வைக்கலாம்னு ஆசாரி சொல்றார். இல்ல, கேஸே வேண்டாம்னு இண்டக்‌ஷனுக்குப் போயிடலாமா?

ஈரோடு_ஒயர்மேன்:

பேட்டரி வாங்கறதுக்கு முந்தி ஒரு நாள் செலவைக் கூட்டிப் பாருங்க. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் 45 வாட், பாதி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஓடும், 490 வாட்-ஹவர் (வாட்டை ஓடுற மணி நேரத்தால பெருக்கினது). 25 வாட் ஃபேன் ரெண்டு, 8 மணி நேரம்: 400. லைட் 100, டிவி 90, சவுண்ட்பார் 60, ஃபோனும் லேப்டாப்பும் 150, மிக்சி அஞ்சு நிமிஷத்துக்கு 65. மொத்தம் 1,355. 100 ஏஎச் பேட்டரியோட முழுக் கொள்ளளவே 1,280 (12.8 வோல்ட் × 100). மொத நாள் ராத்திரியே தீர்ந்துடும். 200 ஏஎச் போடுங்க. 80 சதவீதம் எடுத்தாலும் 2,050 கிடைக்கும்.

ஆல்டர்னேட்டர்ல நேரா கோக்காதீங்க. லித்தியத்துக்கு உள்தடை ரொம்பக் கம்மி, கிடைக்கிற ஆம்பியரை எல்லாம் இழுக்கும். மலையேறும்போது வண்டி மெதுவாப் போகும், ஆல்டர்னேட்டர் ஃபேனும் மெதுவாச் சுத்தும், காயில் சூடாகிக் கருகும். பிஎஸ்6 வண்டின்னா ஆல்டர்னேட்டர் வோல்டேஜே ஏறி இறங்கும், பேட்டரி நிறையாது. நடுவுல, ஆம்பியரையும் வோல்டேஜையும் கட்டுப்படுத்திக் கொடுக்கற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைங்க. முன்னாடி இருந்து பின்னாடிக்கு 16 சதுர மி.மீ. காப்பர் கேபிள், ரெண்டு முனையிலும் 60 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 400 வாட்-ஹவர் வரும். கோயமுத்தூர்ல இருந்து வால்பாறை போய்ச் சேர்றதுக்குள்ளயே ஒரு நாள் செலவு ஏறிடும்.

கூரையில 200 வாட் பேனல் ரெண்டு, 30 ஆம்பியர் எம்பிபிடி (சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்). படுக்கையா வெச்ச பேனல் நல்ல வெயில்ல நாளுக்கு 1,200 சுத்திக் கொடுக்கும். ரெண்டையும் பேரலலா கோத்துடுங்க. தென்னந்தோப்புல நிறுத்தினா ஒண்ணு மேல நிழல் விழும். சீரிஸ்னா இன்னொண்ணோட உற்பத்தியும் அடிவாங்கும். தகட்டுக்கும் பேனலுக்கும் ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, சூடேறினா உற்பத்தி குறையும். வால்பாறையில ஜூன், ஜூலை மழைக்கு சோலாரை நம்பாதீங்க.

இன்வெர்ட்டர் மிக்சிக்கு மட்டும் போதும்: 1,000 வாட், ப்யூர் சைன் (வீட்டு கரன்ட் மாதிரி சீரான அலை). ஃபுல் லோடுல 93 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை மீட்டருக்குள்ள 35 சதுர மி.மீ. கேபிள், பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள 150 ஆம்பியர் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ். வீட்டு ஏசி கரன்ட்டுக்கான எம்சிபியை பேட்டரியோட டிசிக்குப் போடாதீங்க, ஆர்க் (பொறி) அணையாது. லக்கை (கேபிள் முனையில மாட்டற வளையம்) ஹைட்ராலிக் கிரிம்பர்ல அழுத்துங்க. சுத்தியல்ல அடிச்ச லக், ஆழியாறுல இருந்து மேல 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கின குலுக்கல்ல தளரும். தளர்ந்த இடம் சூடாகி உருகும்.

இண்டக்‌ஷன் 1,800 வாட். 12 வோல்ட்ல 165 ஆம்பியருக்கு மேல. பேட்டரி பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்கற காவல் சர்க்யூட்) 100 ஆம்பியர்னா உடனே கட் ஆகும். சமையல் கேஸ்லயே இருக்கட்டும்.

கரூர்_பட்டறை:

பேட்டரிக்குப் பக்கத்துல சிலிண்டர் வேண்டவே வேண்டாமுங்க. எல்பிஜி காத்தைவிடக் கனம். கசிஞ்சா தரையோட தவழ்ந்து பள்ளத்துல தேங்கும். காத்துல 1.8 சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கும். இன்வெர்ட்டர் ரிலே தட்டுற பொறி போதும். பக்கத்துல ஆள் தூங்கற இடம்.

வீட்டு 14.2 கிலோவை விட்டுட்டு 5 கிலோ சிலிண்டர் எடுங்க. ஏஜென்சியிலயும் சில பெட்ரோல் பங்க்லயும் அடையாள அட்டை காட்டினா கிடைக்கும். அதுக்குப் பொருந்தற ரெகுலேட்டரை அங்கயே வாங்குங்க. ஒரு பர்னர் நாளுக்கு ரெண்டு மணி நேரம் எரிஞ்சா 300 கிராம் ஆகும், ரெண்டு வாரம் ஓடும்.

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி வேணும். 16 கேஜ் தகடு, மூலையெல்லாம் விடாம வெல்டிங், கதவு வண்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் திறக்கணும், உள்பக்கம் ஊசி நுழையக்கூட வழி இருக்கக் கூடாது. கசிஞ்ச கேஸ் கீழ இறங்கிப் போக அடித்தட்டுல 10 × 10 சென்டிமீட்டர் ஓட்டை, எலி ஏறாம இருக்க கம்பிவலை. அந்த ஓட்டைக்கு நேர் கீழ சைலன்சர் போகக் கூடாது; இதைப் பலர் பார்க்கறதில்ல. சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், ரெண்டு இடத்துல பெல்ட். சாய்ஞ்சா திரவமா ரெகுலேட்டருக்குள்ள போயிடும்.

பெட்டியில இருந்து அடுப்புக்கு 8 மி.மீ. காப்பர் குழாய், அரை மீட்டருக்கு ஒரு கிளிப், தகட்டைத் தாண்டற இடத்துல ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புல மாட்டற வளையம்). அது இல்லேன்னா குலுக்கல்ல தகடு குழாயை அறுக்கும். ரெண்டு முனையில மட்டும் ஆரஞ்சு சுரக்‌ஷா டியூப். ஆயுள் அஞ்சு வருஷம், தேதி அதுலயே அச்சிட்டிருக்கும். இணைப்பு எல்லாத்துலயும் சோப்பு நுரை தடவிப் பாருங்க. குமிழி வந்தா கழட்டி மறுபடி மாட்டணும், இன்னும் இறுக்கினாப் போதும்னு விடாதீங்க. மலைப்பயணம் ஒவ்வொண்ணு முடிஞ்சதும் இந்தச் சோதனை வேணும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்கணும்.

கேஸ் அலாரம் தரையில இருந்து ஒரு அடிக்குள்ள; கார்பன் மோனாக்சைடு அலாரம் படுத்தா தலை இருக்கற உயரத்துல. ரெண்டும் வேற வேற. அடுப்புக்கு மேல கூரை வென்ட், கீழ தரையில ஒரு காத்து வழி. ஊட்டிக் குளிருக்கு அடுப்பைப் பத்தவெச்சு உள்ள சூடேத்தாதீங்க, கேஸ் கீசரையும் உள்ள மாட்டாதீங்க. மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கோவை_ஊர்சுத்தி:

ரொம்ப நன்றிங்ணா. சிலிண்டர் பெட்டியை இடது பின்பக்கம், பேட்டரியை டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மாத்திடறோம். ஊட்டியில பனி நேரத்துல பேட்டரி, கேஸ் ரெண்டும் வேலை செய்யுமுங்களா? அப்புறம் டிவி?

பொள்ளாச்சி_ஆடியோ:

லித்தியம் 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏறக் கூடாது, செல் கெட்டுப்போகும். உறைபனி ஜனவரிக் காலையில வெளியே வெச்ச பேட்டரிக்கு அந்த ஆபத்து உண்டு. நீங்க உள்ள வெக்கிறதால பரவால்ல. ஆனாலும் லோ-டெம்பரேச்சர் கட்-ஆஃப் உள்ள பிஎம்எஸ்ஸா கேட்டு வாங்குங்க. கேஸ்ல பியூட்டேன் பங்கு இருக்கறதால அந்தக் குளிர்ல சுடர் மந்தமாகும், வெயில் வந்தாச் சரியாகும், சிலிண்டர் மேல வெந்நீர் ஊத்தாதீங்க. ஊட்டி 2,240 மீட்டர், தண்ணி 93 டிகிரி பக்கமே கொதிச்சுடும், சோத்துக்குக் குக்கர் எடுத்துட்டுப் போங்க.

டிவி வாங்கும்போது அடாப்டர்ல எழுதியிருக்கறதைப் படிங்க. பலதுல 19 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் டிவிக்கும் பேட்டரியை நேரா கொடுக்காதீங்க. சார்ஜ் ஆகறப்ப 14.4 வரும். நடுவுல, பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டையே கொடுக்கற பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர், 5 ஆம்பியர். டிவியை மாட்டற கை (பிராக்கெட்) பூட்டு உள்ளதா இருக்கணும், ஸ்க்ரூ தகட்டுல இல்லாம பாடியோட ஸ்டீல் டியூப்ல ஏறணும்.

சவுண்ட்பார்ல எஞ்சின் வேகத்தோட ஏறி இறங்கற 'உய்' சத்தம் வந்தா அது கிரவுண்ட் லூப் (நெகட்டிவ் ரெண்டு வழியா போறதால வர்ற இரைச்சல்). டிவி, சவுண்ட்பார் ரெண்டோட நெகட்டிவையும் ஒரே பஸ் பாருக்கு, அதாவது ஒயர்களைச் சேர்க்கற உலோகப் பட்டைக்குக் கொண்டாங்க, சிக்னல் ஒயரை இன்வெர்ட்டர் கேபிள்ல இருந்து ஒரு அடி தள்ளி ஓட்டுங்க. இல்லேன்னா புளூடூத்.

ஃப்ரீ டிஷ் (தூர்தர்ஷனோட இலவச டிடிஎச்) பார்க்கணும்னா ஜிசாட்-15 சாட்டிலைட், 93.5 டிகிரி கிழக்கு. நம்ம பக்கத்துல இருந்து திசைகாட்டியில 123 டிகிரி, தரையில இருந்து ஏற்றம் 67. கிட்டத்தட்ட தலைக்கு மேலதான், அதனால மலைச்சரிவு மறைக்காது, மரம்தான் மறைக்கும். செட்-டாப் பாக்ஸ் பெரும்பாலும் 12 வோல்ட்லயே ஓடும், இன்வெர்ட்டர் தேவையில்ல.

ஈரோடு_ஒயர்மேன்:

ஒண்ணு விட்டுப்போச்சு. சொந்தக்காரங்க வீட்டுப் பவர் பிளக்ல வண்டியைக் கோக்கறதா இருந்தா 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கசிவு கரன்ட்டைக் கண்டு கட் பண்ற பிரேக்கர்), இன்வெர்ட்டருக்கும் லைனுக்கும் நடுவுல டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ரெண்டும் ஒரே நேரத்துல சேர்ந்தா இன்வெர்ட்டர் போயிடும். வேலையைத் தொடர்றதுக்கு முந்தி ஆர்டிஓவுல கேட்டுட்டு வாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுல மாற்றத்துக்கு அனுமதியும் ஆர்சியில பதிவும் வேணும். இன்ஷூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல தெரிவிச்சுடுங்க.