பயிர் மருந்துக்கும் மாட்டு மருந்துக்கும் ஒரே சட்டம் வேண்டுமா?

மலர்விழி, மூலக்கடை:
நம் தொகுதி எம்.பி.க்கு அனுப்பும் மனுவுக்கு உங்கள் கையெழுத்து கேட்கும் முன், மாதவரம் பக்கம் ஒரு மாட்டுத் தொழுவத்தில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். பசுவின் காது மடலிலும் வாலடியிலும் உண்ணி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. சன்னல் திண்டில் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிப் பாட்டில் ஒன்று, 2.8 சதவீதம். பருத்திக்கும் வெண்டைக்கும் அடிப்பது. அதை மூடியால் அளந்து வாளித் தண்ணீரில் ஊற்றி, கோணித் துணியை நனைத்து மாட்டின் மேல் தேய்த்தார்கள். மாட்டுக்கென்று விற்கும் அதே டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம்தான். வாளிக்கு எத்தனை மூடி என்று அந்தப் பாட்டிலில் எழுதியிருக்காது, ஏனென்றால் அது மாட்டுக்கென்று பதிவானதே இல்லை.

ரசாயனம் ஒன்றுதான். பயிர்ப் பாட்டில் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ், வேளாண் அமைச்சகத்திடம். மாட்டுப் பாட்டில் 1940 மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ், சுகாதார அமைச்சகத்திடம். பாலில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும். அந்தத் தொழுவத்தில் நடந்ததற்கு இவர்களில் யார் பொறுப்பு? 1968 சட்டத்தை மாற்ற 2008இல் ஒரு மசோதா, 2020இல் இன்னொன்று மாநிலங்களவைக்கு வந்தன. இரண்டும் சட்டமாகவில்லை. அப்புறம் 2025 மசோதா என்று ஒரு வரைவைக் கருத்துக்கு விட்டார்கள். எல்லாமே பயிர்ப் பக்கம் மட்டும்தான் பார்க்கின்றன. இரண்டையும் ஒரே சட்டத்தில், ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்கிறேன். ஆபத்தான மருந்தை நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கும் வேண்டும். இப்போது மாநிலத்தால் 60 நாள்தான், நீட்டித்தாலும் மொத்தம் 90 நாள்தான் நிறுத்த முடியும்.

செங்குன்றம் உரக்கடை:
மேடம், உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் நீங்கள் கேட்கும் மருந்து இந்த நோய்க்கு இல்லை. கடை வைக்க வேளாண் படிப்போ பயிற்சியோ வேண்டும் என்று 2017இல் விதி வந்தது. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போய், கடைக்காரர்களுக்கான டேசி சான்றிதழ் வாங்கியவன் நான். வருகிறவரிடம் என்ன பயிர் என்று கேட்பேன், வெண்டை என்பார், பில் போட்டுக் கொடுப்பேன். வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தேய்த்தால் உங்கள் ஒரே ஆணையம் என்ன செய்யும்? எனக்கு இன்னொரு உரிமம், இன்னொரு இன்ஸ்பெக்டர். அவ்வளவுதான் மிச்சம்.

60 நாள் தடையையும் பார்த்துவிட்டோம். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட், புரொபினோபாஸ் எல்லாவற்றையும் தமிழ்நாடு நிறுத்தியது. கும்மிடிப்பூண்டி தாண்டித் தடாவுக்குப் போனால் ஆந்திரா, அங்கே இந்த உத்தரவு செல்லாது. நிரந்தரத் தடை கொடுத்தாலும் இதே கதைதான். விலை குறைந்த மருந்தை எடுத்துவிட்டால் பல மடங்கு விலையில் புது மருந்து வாங்க வேண்டும், அந்தக் காசு விவசாயி கையிலிருந்துதான் போகும். இலங்கையில் 2021இல் ரசாயன உரம், பூச்சி மருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். விளைச்சல் விழுந்தது, அந்த வருஷமே நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதுவா வேண்டும்?

மலர்விழி, மூலக்கடை:
அண்ணே, இலங்கையில் நடந்தது இரண்டு வேறு விஷயங்கள். 2021இல் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தியது பெரிய தவறு, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1990களிலிருந்து, மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை மட்டும் ஒவ்வொன்றாக விலக்கினார்கள். தற்கொலை இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது, விளைச்சல் அதனால் விழவில்லை. என்னைக் கேட்டால் நாம் பார்க்க வேண்டியது இந்த இலங்கையைத்தான்.

இங்கே என்ன நடக்கிறது? 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய மத்திய அரசு வரைவு ஆணை போட்டது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது தடையானது டைகோபால், டினோகேப், மெத்தோமில் என்ற மூன்று மட்டும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். செத்தவர்களில் பலர் கூலிக்கு மருந்து டேங்க் தூக்கியவர்கள். தரமில்லாத மருந்துக்கு முதல் குற்றம் என்றால் 1968 சட்டத்தில் அதிகபட்ச அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய். பெரிய கம்பெனிக்கு அது ஒரு பொருட்டா? தடாவில் கிடைக்கும் என்பதால் இங்கே தடை வேண்டாம் என்றால், எந்தச் சட்டத்தையும் போட முடியாதே.

வடபெரும்பாக்கம் பால்காரர்:
அக்கா, அந்தத் தொழுவம் என்னுடையது இல்லை, ஆனால் என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். உண்ணி விழுந்தால் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், பால் பாதியாகும். மாட்டு மருந்து சின்னச் சின்னப் புட்டியில்தான் வருகிறது, நாலு மாட்டுக்குப் போதாது. பயிர் மருந்து அரை லிட்டர் வாங்கினால் வருஷம் ஓடும். தப்பு என்று எனக்கும் தெரியும்.

அதைவிடப் பெரியது மடிநோய். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டால் குறைந்தது ஏழு நாள் பாலை விற்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். சரி, ஏழு நாள் பாலைச் சாக்கடையில் ஊற்றுகிறேன். அந்த வாரம் தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் காசு யார் கொடுப்பார்கள்? கடனுக்குத் தீவனம் போடும் கடைக்காரர் எட்டாம் நாள் வாசலில் நிற்கிறார். மேய்ச்சல் நிலம் என்று நம்ம பக்கம் ஒன்றும் மிச்சமில்லை. மாடு தெருவுக்கு வந்தால் மாநகராட்சி பிடித்து அபராதம் போடுகிறது. நீங்கள் ஒரு சட்டம் போடுங்கள், இரண்டு சட்டம் போடுங்கள், அந்த ஏழு நாளைப் பற்றி அதில் ஒரு வரி இருக்குமா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), பெரம்பூர்:
பால்காரர் தம்பி சொல்வதுதான் நடப்பு. அந்த ஏழு நாள் கணக்கு விதியிலேயே இருக்கிறது. கம்பெனி வேறு கால அளவு குறிப்பிடாவிட்டால் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். 2012இல் மருந்து விதிகளில் சேர்த்தார்கள். ஆனால் அது லேபிளுக்கான விதி. கறந்த பாலைப் பின்தொடர்ந்து போக அதில் வழியில்லை.

ஒரே ஆணையம் பற்றி. ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்தே பயிர் மருந்துக்கும் கால்நடை மருந்துக்கும் பதிவு ஒரே இடத்தில்தான். ஆனால் அந்த அமைப்பின் பொறுப்பு மருந்து கடையில் விற்கும் வரைதான், வயலிலும் தொழுவத்திலும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது மாநிலங்களின் வேலை. ஆக, அமைப்பை ஒன்றாக்கினாலும் மலர்விழி பார்த்த அந்த மூடி அப்படியே இருக்கும்.

நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். நின்றதா? நிற்கவில்லை. மனிதர்களுக்கென்று 30 மில்லி குப்பி விற்றது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் ஊசி மருந்தை ஒருவேளைக்கு மட்டும் போதுமான 3 மில்லி குப்பியாக்கினார்கள். ஒரு மாட்டுக்கு ஐந்தாறு குப்பி உடைக்க வேண்டும் என்று வந்ததும் அந்த வழி கடினமாகிவிட்டது. மருந்துக் கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டும் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. குப்பியின் அளவை மாற்றினால் பழக்கம் மாறுகிறது. உண்ணி மருந்தில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: மாட்டு மருந்து மலிவாக, பெரிய புட்டியில், அளவு மூடியோடு வரட்டும். பயிர் மருந்து லேபிளில் ‘மாட்டுக்குத் தடவாதே’ என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடட்டும்.

செங்குன்றம் உரக்கடை:
டாக்டர் ஐயா சொல்வது நடக்கிற காரியம். இப்போது பாட்டிலோடு வரும் துண்டுத் தாளில் பல மொழிகளை நெருக்கி அச்சடித்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் நானே படிக்க முடியாது. சிவப்பு முக்கோணம் என்றால் கொடிய நஞ்சு, பச்சை என்றால் குறைவு என்று வாங்குகிறவர்களுக்கு நான்தான் வாயால் சொல்கிறேன். லேபிள், பாட்டில் அளவு என்று கேட்டால் கடைக்காரர்களைக் கூட்டிப் பேசுகிறேன். நிரந்தரத் தடை என்ற வரி இருந்தால் மட்டும் என் கையெழுத்து கிடையாது.

மலர்விழி, மூலக்கடை:
டாக்டர் ஐயா, குப்பி விஷயம் சேர்க்கிறேன். ஆனால் அந்த டைக்ளோஃபெனாக் கதை என் பக்கமும் பேசுகிறது. மாட்டுக்குத் தடை, மனிதருக்கு ஒரு குப்பி என்று இருந்த இடைவெளியில்தானே அது ஒன்பது வருஷம் ஓடியது? பயிருக்கும் மாட்டுக்கும் நடுவே இன்று அதே இடைவெளிதான் இருக்கிறது, அதனால் ஒரே சட்டம் என்பதை விடமாட்டேன்.

அண்ணே, தடை வரியையும் எடுக்க முடியாது. தடைக் காலம் முடிந்த மறுநாள் அதே டப்பா உங்கள் அலமாரிக்குத் திரும்புவதை எதிர்த்துத்தான் இந்தப் பேச்சே. கையெழுத்து இல்லாவிட்டாலும் லேபிள் பகுதியை நீங்களே எழுதிக் கொடுங்கள், உங்களைவிட அது தெரிந்தவர் இங்கே இல்லை.

பால்காரர் அண்ணா, ஏழு நாள் பாலுக்கு இழப்பீடு கேட்பது நம் தொகுதி எம்.பி.க்கான மனுவில் முதல் வரியாக வரும். ஒரு மாட்டுக்கு ஒரு வாரத் தீவனச் செலவு எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள்.

வடபெரும்பாக்கம் பால்காரர்:
முதல் வரி என்றால் என் கையெழுத்து உண்டு. தீவனக் கணக்கு கடைக்காரர் நோட்டில் இருக்கிறது, சாயங்காலக் கறவை முடித்துவிட்டுப் பார்த்து எழுதுகிறேன்.