பிரசவ நேரத்தில் சிறுநீரில் புரதம்: ஓ12.14 போடலாமா, ஆர்80.9 போதுமா?

கேள்வி (சென்னை, உள்நோயாளி சார்ட்டுகளுக்கு நோய்க் குறியீடு போடும் கோடர்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் மகப்பேறு சார்ட்டுகளுக்கு அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்-இன்படி எங்கள் குழு குறியீடு போட்டு வருகிறது. அவற்றில் ஒன்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. 38 வாரக் கர்ப்பிணி பிரசவ வலியுடன் சேர்க்கப்பட்டு, அதே அனுமதியில் சுகப்பிரசவமாக ஒரு குழந்தையை உயிருடன் பெற்றெடுத்தார். சேர்க்கையின்போது செவிலியர் குறிப்பில் டிப்ஸ்டிக் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை) புரதம் இரண்டு பிளஸ் என்று இருக்கிறது. மருத்துவர் புரத-கிரியேட்டினின் விகிதம் கேட்டிருக்கிறார், முடிவு 0.42. இரத்த அழுத்தம் முழுவதும் இயல்பாகவே இருந்து, வலி உச்சத்தில் இருந்தபோது ஒரே ஒரு முறை மட்டும் 144/88 என்று பதிவாகியுள்ளது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் "புரோட்டீனூரியா (சிறுநீரில் புரதம்), பிரசவத்துக்குப் பிந்தைய வருகையில் மறுபரிசோதனை" என்று எழுதியிருக்கிறார். ஆனால் அதே சம்மரியின் மேற்பகுதியில் "சிக்கலற்ற பிரசவம்" என்ற வார்ப்புரு வரியும் அப்படியே நிற்கிறது.

மருத்துவர் 'கர்ப்பகால' என்ற அடைமொழியை எழுதவில்லை என்பதால் ஆர்80.9 (பொதுவான புரதநீர்) போதும் என்கிறார் ஒருவர். அந்த 144/88 இருப்பதால் ப்ரீ-எக்லாம்சியா (கர்ப்பகாலத்தில் வரும் உயர் இரத்த அழுத்த நோய்) என்கிறார் இன்னொருவர். ஓ80 (சிக்கலற்ற முழுமாதப் பிரசவம்) போட்டு முடித்துவிடலாம் என்று சொல்பவரும் உண்டு. எது சரி?

பதில் 1 (கோயம்புத்தூர், ஆடிட்டர்)

மூன்றுமே சரியல்ல. நீங்கள் போட வேண்டியது ஓ12.14, அதாவது பிரசவத்தைச் சிக்கலாக்கும் கர்ப்பகாலப் புரதநீர்.

ஆர்80 பிரிவின் கீழேயே கர்ப்பகாலப் புரதநீரை விலக்கும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு (இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்பது) இருக்கிறது. அதைவிட முக்கியமானது, பதினைந்தாம் அத்தியாயக் குறியீடுகளுக்கு (கர்ப்பம், பிரசவம் பற்றிய ஓ குறியீடுகள்) மற்ற அத்தியாயங்களைவிட முன்னுரிமை உண்டு என்ற பொது விதி. கர்ப்பிணியிடம் காணப்படும் நிலை கர்ப்பத்தோடு தொடர்பில்லாதது என்றால், அதை எழுத்தில் சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவருடையது. அவர் சொல்லாத வரையில் நாம் ஓ அத்தியாயத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

ஓ12.13 ஏன் இல்லை என்று யாரேனும் கேட்கக்கூடும். அது மூன்றாம் டிரைமெஸ்டருக்கானது (கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்கள்); பிரசவம் அதே அனுமதியில் நடந்து, அந்த நிலைக்குப் 'பிரசவத்தில்' என்ற தெரிவும் இருந்தால், அதையே எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். ஓ12.14 போன்ற குறியீடுகள் 2016 அக்டோபர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பழகியவர்களின் கை இன்னமும் டிரைமெஸ்டர் குறியீட்டுக்கே போவதை ஆடிட்டில் அடிக்கடி காண்கிறேன்.

ஓ12.14 வந்துவிட்டால் ஓ80 தானாகவே வெளியேறிவிடும், ஏனெனில் அதனுடன் பதினைந்தாம் அத்தியாயத்தின் வேறு எந்தக் குறியீடும் சேர்ந்து நிற்க முடியாது. இசட்37.0 (உயிருடன் ஒரு குழந்தை), இசட்3ஏ.38 (38 வாரக் கர்ப்பம்) இரண்டையும் துணைக் குறியீடுகளாகச் சேருங்கள்.

பதில் 2 (மகப்பேறு மருத்துவம் படித்தவர், தற்போது மருத்துவ ஆவணப் பிரிவில்)

அந்த 144/88 பற்றி ஒரு விளக்கம். ப்ரீ-எக்லாம்சியாவுக்கு 20 வாரங்களுக்குப் பிறகு, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இரு முறை, 140/90 அல்லது அதற்கு மேல் தேவை. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று எல்லையைத் தொட்டாலும் போதும். வலியின் நடுவே ஒரே ஒரு முறை ஏறிய எண்ணை வைத்துக் கோடர் அந்த நோயை எழுதிவிட முடியாது. மருத்துவரும் இங்கே எழுதவில்லை. ஓ12 என்ற தலைப்பே 'உயர் இரத்த அழுத்தம் இல்லாமல்' என்று சொல்லிவிடுவதால், மருத்துவர் அழுத்தத்தையும் நோயாக எழுதியிருந்தால்தான் ஓ13 (கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம்) அல்லது ஓ14 (ப்ரீ-எக்லாம்சியா) பக்கம் போக வேண்டியிருக்கும். இன்னொரு தகவலும் உண்டு: 2013 முதல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஏகாக், புரதம் இல்லாமலேயே ப்ரீ-எக்லாம்சியாவைக் கண்டறியலாம் என்று மாற்றிவிட்டது. தட்டணுக் குறைவு, கல்லீரல் நொதி உயர்வு போன்றவை அழுத்தத்துடன் சேர்ந்து இருந்தாலே போதும். ஆகவே 'புரதம் இருக்கிறதா' என்று மட்டும் பார்த்து இரு பக்கமும் முடிவு செய்வது பழைய பழக்கம்.

டிப்ஸ்டிக்கை நம்பி ஏமாற வேண்டாம். பனிக்குடம் உடைந்த பிறகு தானே பிடித்துக் கொடுக்கும் சிறுநீரில் பனிக்குட நீரும் இரத்தமும் கலந்து புரதத்தை உயர்த்திக் காட்டும். அதனால்தான் கதீட்டர் வழியே மாதிரி எடுப்பார்கள். உங்கள் சார்ட்டில் விகிதம் 0.42, 0.3-க்கு மேல் இருப்பதால், அல்லது 24 மணி நேரச் சேகரிப்பில் 300 மில்லிகிராம் இருந்தால், அது கணக்கில் கொள்ளத்தக்கது. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பது குறிப்பில் இருந்தால் இன்னும் நல்லது.

பதில் 3 (மருத்துவமனைப் பதிவறை, மதுரை)

இங்கே நாங்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பயன்படுத்துகிறோம். அதில் ஓ12.1 என்பதோடு முடிந்துவிடுகிறது. டிரைமெஸ்டர், பிரசவம் என்ற பிரிவு கிடையாது. ஐந்தாம் இலக்கத் தலைவலி அமெரிக்க வேலை செய்பவர்களுக்கு மட்டுமே.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஒரே ஐயம்: சம்மரியில் மருத்துவர் அந்த வரியை எழுதாமல், செவிலியர் குறிப்பும் ஆய்வக முடிவும் மட்டும் இருந்திருந்தால்?

பதில் 4 (கோயம்புத்தூர், ஆடிட்டர்)

அப்போது புரதத்துக்கு எந்தக் குறியீட்டையும் போட முடியாது. வழிகாட்டுதலின்படி அசாதாரண ஆய்வக முடிவுகளை, அவற்றின் முக்கியத்துவத்தை மருத்துவர் எழுதாத வரை நாம் குறியிடக் கூடாது. ஆனால் எல்லைக்கு வெளியே உள்ள முடிவுக்காக மருத்துவர் மேற்கொண்டு பரிசோதனை கேட்டிருக்கிறார் என்பதால் குவெரி (மருத்துவருக்கு எழுத்தில் விளக்கம் கேட்டல்) அனுப்ப இடமுண்டு. அதில் டிப்ஸ்டிக், விகிதம், அழுத்த எண்கள் மூன்றையும் குறிப்பிட்டு, "இந்த முடிவுகளுக்குரிய நோயறிதல் ஏதேனும் உண்டா?" என்று கேளுங்கள். தெரிவுகளில் கர்ப்பகாலப் புரதநீர், ப்ரீ-எக்லாம்சியா, முக்கியத்துவம் அற்றது, வேறு ஏதேனும், தீர்மானிக்க இயலவில்லை என அனைத்தும் இருக்க வேண்டும். "ஓ12.14 போட உதவுங்கள்" என்றோ, கட்டணத்தைச் சுட்டியோ எழுதினால் அது வழிநடத்தும் குவெரி ஆகிவிடும், ஆடிட்டில் முதலில் பிடிபடுவது அதுதான்.

தற்போதைய சார்ட்டில் மருத்துவர் எழுதியுள்ள மறுபரிசோதனைத் திட்டமும் கேட்ட விகிதப் பரிசோதனையும் துணை நோயறிதலுக்கான நிபந்தனையை நிறைவு செய்கின்றன. கர்ப்பத்துக்கு முன்பே சிறுநீரக நோய் இருந்ததாக முந்தைய வருகைக் குறிப்புகளில் எங்காவது தென்பட்டால் மட்டும், குறியீட்டை முடிவு செய்வதற்கு முன் அதையும் குவெரியாக அனுப்புங்கள். ஓ அத்தியாயக் குறியீடுகள் தாயின் பதிவுக்கு மட்டுமே உரியவை. குழந்தையின் சார்ட்டில் ஓ12.14 சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.