பன்னிரண்டு சீசன் பாபி ஓரா, இருபது சீசன் லிட்ஸ்ட்ரோமா?

சிவப்புச்சிறகு:
ஐஸ் ஹாக்கியில் தலைசிறந்த டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) யார் என்று கேட்டால் யோசிக்காமல் பாஸ்டன் அணியின் பாபி ஓர் என்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. என் ஆள் ஸ்வீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 1989-ல் வட அமெரிக்காவின் NHL லீக்கில் ஆடும் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி, டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) அவரை 53-வது ஆளாகத்தான் எடுத்தது. 1991 முதல் 2012 வரை அதே அணி, 1564 ஆட்டங்கள், லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை நான்கு முறை, சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை ஏழு முறை. அவர் ஆடிய இருபது சீசனில் ஒரு தடவைகூட டெட்ராய்ட் பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) போகாமல் இருந்ததில்லை. ஓர் ஆடியது மொத்தம் 657 ஆட்டம். முழங்கால் போய், 30 வயதில் ஓய்வு. பாதி வாழ்க்கைக்கு முழு மகுடமா?

பாஸ்டன்பைத்தியம்:
அந்தப் பாதி வாழ்க்கையில் நாரிஸ் எட்டு. அதுவும் 1968 முதல் 1975 வரை ஒரு வருடம்கூட விடாமல்! 1970-லும் 1975-லும் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) எடுத்தவர் அவர்தான். வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் இன்றுவரை அதைச் செய்ததில்லை. பெயரே ஓர், இன்னொருவர் கிடையாது.

சிவப்புச்சிறகு:
சிலேடை நன்றாக இருக்கிறது. ஆனால் காலத்தையும் பாருங்கள். 1967-ல் லீக் ஆறு அணியிலிருந்து ஒரே மூச்சில் பன்னிரண்டானது. 1970-ல் பதினான்கு. பாதிப் பேர் அதுவரை கீழ்நிலை லீக்கில் கிடந்தவர்கள். 1972-ல் போட்டி லீக் ஒன்று வேறு வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே புள்ளிகள் குவிந்ததில் என்ன ஆச்சரியம்?

பாஸ்டன்பைத்தியம்:
மற்றவர்களும் அதே அணிகளோடுதானே ஆடினார்கள்? 1969-70-ல் ஓர் 120 புள்ளிகள். அதற்கு முன்னால் எந்த டிஃபென்ஸ்மேனும் நூறைத் தொட்டதே இல்லை. இரண்டாவது இடத்தில் அவருடைய அணியின் ஃபார்வர்டு பில் எஸ்போசிட்டோ, 99. அடுத்த சீசனில் ஓரின் பிளஸ்-மைனஸ் +124. அதாவது அவர் பனியில் இருந்த நேரத்தில் அணி போட்ட கோல், வாங்கிய கோலைவிட 124 அதிகம் (பவர்பிளே கோல்கள், அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போடும் கோல்கள், இந்தக் கணக்கில் வராது). இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. தடுப்பாட்டம் தெரியாதவருக்கு இந்த எண் வருமா?

சும்மாபடிப்பவன்:
இரண்டு பேரும் கணக்குப் பரீட்சை எழுதுகிறீர்கள். ஆடுவதைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

சிவப்புச்சிறகு:
சரி, சொல்கிறேன். எதிராளி பக்கோடு (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) முழு வேகத்தில் வருகிறான். மற்ற டிஃபென்ஸ்மேன்கள் இடித்துச் சாய்க்கப் பார்ப்பார்கள். லிட்ஸ்ட்ரோம் பின்னோக்கிச் சறுக்கியபடியே ஸ்டிக்கை நீட்டி நடுவழியை அடைப்பார். வருகிறவன் தானாகவே பலகை ஓரமாக ஒதுங்குவான். ஓரம் வந்த பிறகு அவனுக்குப் போக இடமில்லை. ஸ்டிக் நுனியால் ஒரு தட்டு, பக் கைமாறிவிடும். ஒரு சத்தமும் இருக்காது. இருபது சீசனில் அவர் பெனால்டியில் (விதிமீறலுக்காக வெளியே) உட்கார்ந்தது 514 நிமிடம். ஓர் 657 ஆட்டத்திலேயே 953 நிமிடம்.

இந்த அமைதிதான் அவருக்கு வினையானது. 1998, 1999, 2000 மூன்று வருடமும் நாரிஸில் இரண்டாவது இடம். இடிக்காதவனை அங்கே மென்மையானவன் என்றுதான் பார்த்தார்கள், அதிலும் ஐரோப்பியன் என்றால் கேட்கவே வேண்டாம்.

2002 பிளேஆஃபையும் பாருங்கள். முதல் சுற்றில் வான்கூவரிடம் சொந்த மைதானத்திலேயே முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் சமநிலையில், இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் லிட்ஸ்ட்ரோம் மைதானத்தின் நடுவிலிருந்து ஒரு அடி அடித்தார். கோல்கீப்பர் டான் க்ளூட்டியேவைத் தாண்டி உள்ளே போய்விட்டது! வான்கூவர் அதற்குப் பிறகு எழவே இல்லை. டெட்ராய்ட் தொடர்ந்து நான்கு ஆட்டம் வென்று, கடைசியில் கோப்பையையும் வென்றது. பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது லிட்ஸ்ட்ரோமுக்கு. அதை வாங்கிய முதல் ஐரோப்பியர் அவர்தான்.

பாஸ்டன்பைத்தியம்:
அந்த கோலில் பாதிப் பங்கு க்ளூட்டியேவுடையது, அதை விடுங்கள். ஓர் 1970-லும் 1972-லும் கோப்பையோடு அதே விருதையும் வாங்கியவர். 1970 மே 10, செயின்ட் லூயிஸுக்கு எதிரான இறுதி. ஓவர்டைம் தொடங்கி 40 வினாடி. பலகை ஓரத்தில் எதிராளி வெளியே எடுக்கப் பார்த்த பக்கை ஓர் மறிக்கிறார். தவறியிருந்தால் பின்னால் காவலுக்கு அவர் இல்லை, ஆட்டமே போயிருக்கும். சக வீரர் சாண்டர்சனிடம் தள்ளிவிட்டு நேரே கோலை நோக்கி ஓட்டம், திரும்பி வந்த பாஸில் கோல், அந்த நொடியே எதிரணியின் நோயல் பிக்கார்ட் காலை வாரிவிட, இரண்டு கையும் விரிந்து அந்தரத்தில் பறக்கிறார். எல்லோரும் அந்தப் புகைப்படத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த முதல் மறிப்புதான் ஓர்.

சும்மாபடிப்பவன்:
முழங்கால் மட்டும் இன்றைய காலத்தில் போயிருந்தால், இன்றைய ஆபரேஷன் வசதி இருந்திருந்தால், இந்த விவாதமே இருக்காது.

சிவப்புச்சிறகு:
'இருந்திருந்தால்' என்பதற்குக் கோப்பை கொடுக்க மாட்டார்கள் நண்பரே.

பாஸ்டன்பைத்தியம்:
'இருந்திருந்தால்' வேண்டாம், நடந்ததையே சொல்கிறேன். 1976-ல் பாஸ்டன் தன் பங்குரிமையிலேயே 18.5 சதவீதம் தருவதாகச் சொன்னது. ஏஜென்ட் ஈகிள்சன் அதை ஓரிடம் சொல்லவே இல்லை. நம்பி சிகாகோ போனார், அங்கே ஆட முடிந்தது 26 ஆட்டம். (அந்த ஏஜென்ட் 1998-ல் மோசடி வழக்கில் சிறைக்குப் போனது தனிக்கதை.) அதே 1976 செப்டம்பரில் நாடுகள் மோதும் கனடா கோப்பை. முழங்கால் கிட்டத்தட்ட முடிந்துபோன நிலை. அந்தக் காலோடு ஆடி, தொடரின் சிறந்த வீரர் அவர்தான்.

சிவப்புச்சிறகு:
அந்தத் தொடரை நான் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். முழுதாகப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் 2011-ல், 41 வயதில், லிட்ஸ்ட்ரோம் நாரிஸ் வாங்கினாரே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

பாஸ்டன்பைத்தியம்:
அந்த சீசனில் அவருடைய பிளஸ்-மைனஸ் -2. இருபது சீசனில் அவர் மைனஸுக்குப் போனது அந்த ஒரு முறைதான். அந்த வருடம் பார்த்துத்தான் ஏழாவது நாரிஸைக் கொடுத்தார்கள்.